வீச்சுவலைக் கயிறு

சித்திரை, 1971

அன்பின் மாக்கிறேற்றுக்கு,

எழுத்துக் கோணலாயிருப்பதைப் பார்த்துப் பயப்படாதேயும். கட்டிலில் இருந்தபடி எழுதுகிறேன்.

றேடியோவில் கேட்டிருப்பீர். தெற்கே ஒரு முகாமைக் கிளர்ச்சிக்காரர் சுற்றி வளைத்துவிட்டார்கள். இடத்தின் பெயர் எழுதக்கூடாது. உள்ளே பதினாலு ஆமிக்காரர். சாப்பாடுமில்லை, துப்பாக்கி ரவையுமில்லை. பாதை முழுக்க மரம் வெட்டிப் போட்டிருந்தது. விமானத்திலிருந்து சாப்பாட்டு மூட்டைகளையும் ரவையையும் தள்ள எங்கள் விமானப்படையில் ஒரு ஆள் கேட்டார்கள். நான் போனேன்.

முகாமுக்கு நேர் மேலே வைத்து முதல் மூட்டையைத் தள்ளினேன். அது வேலிக்கு அப்பால் போய் விழுந்தது. கீழேயிருந்து சுட்டார்கள், தகரத்தில் கல் விழுகிற மாதிரிச் சத்தம். விமானி தளத்துக்குத் திரும்பிவிடப் பார்த்தார்.

"இன்னும் ஒருக்கால், பதிவாப் போங்கோ சேர், மரத்தைத் தட்டுற மாதிரி" என்றேன்.

ஓடுகிற வள்ளத்தில் நங்கூரத்தை இடம் வருமுன்னமே விடவேண்டுமல்லவா? அப்படியே விட்டேன். மூட்டைகள் ஒவ்வொன்றாக முற்றத்தில் விழுந்தன. கடைசி மூட்டைதான் ரவை. விமானம் சாய, அது வாசலால் நழுவப் பார்த்தது. அதன் கயிற்றை வீச்சுவலைக் கயிறு மாதிரியே பிடித்து நிறுத்தி, இடம் பார்த்துத்தான் விட்டேன். பதினாலு பேரும் உயிரோடு இருக்கிறார்களாம்.

எனக்கு ஒன்றுமில்லை. அடுத்த மாதம் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். இனித் திரும்பி வரத் தேவையில்லையாம்.

என் வீச்சுவலையைத் தம்பியிடம் கொடுத்துவிடும். எங்கள் ஊர்ப் பழக்கத்தில் கயிற்றை மணிக்கட்டில் சுற்ற வேண்டாமென்று சொல்லும். கையால் பிடித்தாலே போதும்.

இப்படிக்கு,
உம்முடையவன்