தட்டாமல் வரும் வழி

பெண்டிகோ
அக்டோபர் 6

அன்புள்ள மெரிடித்,

நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். ஒன்பது வருடங்களுக்கு முன்பு, கையில் பெட்டியோடு வாசலில் நின்று நீ கேட்டாய்: "இனிமே நான் இங்க வரணும்னா கதவைத் தட்டணுமாம்மா?" ஆசிரியர் வேலையை விட்டுவிட்டாயே என்ற கோபத்தில், எல்லோரையும் போலத் தட்டு என்று சொன்னேன். நீ அதற்குப் பிறகு தட்டவே இல்லை. அப்பாவின் அடக்கத்தன்றுகூடக் கடைசி வரிசையில் நின்றுவிட்டு, தேநீருக்கு முன்பே போய்விட்டாய்.

வீட்டை விற்கிறேன். முழங்கால் இந்தப் படிகளுக்கு ஒத்துவரவில்லை. இருபத்தைந்தாம் தேதி ஏலம். அதுவரை சனிக்கிழமைகளில் பதினொன்று முதல் பதினொன்றரை வரை யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து பார்க்கலாம். படமெல்லாம்தான் கைபேசியிலேயே இருக்கிறதே, இது எதற்கு என்று தரகர் கிரெய்கிடம் கேட்டேன். படத்தில் வாசனை வராது என்றார். ஸ்கோன் ரொட்டி சுட்டு வைக்கச் சொன்னார். குடும்பப் படங்களைக் கழற்றினார். உன் அறையையும் திறக்கச் சொன்னார். மூடிய கதவைப் பார்த்தால் உள்ளே ஈரம் கசிகிறது என்று நினைப்பார்களாம். திறந்தேன். நீயும் அப்பாவும் கோணலாக ஒட்டிய சுவர்த்தாள் அப்படியே இருக்கிறது. மிதிவண்டி வாங்கித் தருகிற வரை வெளியே வரமாட்டேன் என்று ஒரு ஞாயிறு முழுக்க அங்கே அடைந்து கிடந்தாயே! அப்பா ஜன்னல் வழியாக ரொட்டி கொடுத்தார். எனக்குத் தெரியாது என்று இருவரும் நினைத்துக்கொண்டிருந்தீர்கள்.

வீட்டுக்காரர் இருந்தால் வருபவர்கள் கூச்சப்படுவார்கள் என்று முதல் சனிக்கிழமை கிரெய்க் என்னை வெளியே அனுப்பிவிட்டார். மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டேன். எடுக்கத் திரும்பினால், வாசலில் கிரெய்கின் அலுவலகத்திலிருந்து புதிதாக ஒரு பெண். பெயர் எழுதுங்கள், காலணியைக் கழற்றுங்கள் என்றாள். இந்த வீட்டைப் பார்ப்பது முதல் தடவையா என்றும் கேட்டாள். ஆமாம் என்று சொல்லி, கையெழுத்துப் போட்டுவிட்டு என் வீட்டுக்குள் போனேன். உன் அறையில் ஓர் இளம் தம்பதி, தொட்டிலை எந்தப் பக்கம் போடலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் பக்கம் வேண்டாம், மதிய வெயில் அடிக்கும் என்று சொல்லி வைத்தேன்.

சமையலறையில் பக்கத்து வீட்டு நோரீன் நின்றிருந்தாள். வேலிச் சண்டைக்குப் பிறகு பதினோரு வருடமாக எங்களுக்குள் பேச்சே கிடையாது என்பது உனக்குத் தெரியும். மேசையில் கிரெய்க் அழகுக்கு அடுக்கிய எலுமிச்சம்பழங்களைப் பார்த்து, "இதெல்லாம் என் மரத்துப் பழம்தானே, கிளெனிஸ்?" என்றாள்.

"வேலிக்கு இந்தப் பக்கம் விழுந்தா என்னோடது" என்றேன்.

அவள் சிரித்தாள். பிறகு சொன்னாள்: "உள்ள வர ஒரு சாக்கு கிடைக்காதான்னு இருந்தேன். நல்லவேளை, நீயே போர்டு வெச்ச."

எல்லோரும் போன பிறகு ஸ்கோனை நாங்கள் இருவரும் தின்று தீர்த்தோம். மூன்று மணிவரை அவள் வீட்டுக்குப் போகவில்லை.

அப்போதுதான் நான் பாடம் எடுத்த வகுப்பு நினைவுக்கு வந்தது. சண்டை போட்ட குழந்தையை எல்லோர் முன்னாலும் நிற்கவைத்து மன்னிப்புக் கேள் என்றால் வாயைத் திறக்காது. போய்க் கரும்பலகையை அழித்துவிட்டு வா என்றால் போதும். திரும்பி வரும்போது முகம் சரியாகியிருக்கும். நாற்பது வருடம் ஊரார் குழந்தைகளிடம் செய்ததை என் குழந்தையிடம் செய்யத் தெரியவில்லை எனக்கு.

வார்னம்பூலிலிருந்து நான்கு மணி நேரப் பயணம். பால்பண்ணையில் காலைக் கறவை முடியாமல் நீ கிளம்ப முடியாது என்று உன் அத்தை சொன்னாள். பதினோராம் தேதி முடியாவிட்டால் பதினெட்டாம் தேதி இருக்கிறது. அதற்குப் பிறகு இந்தக் கதவு என்னுடையதாக இருக்காது. கிரெய்க் என்ன சொன்னாலும் நான் சமையலறையில்தான் இருப்பேன். பேச வேண்டும் என்றுகூட இல்லை. வீடு பார்க்க வந்தவள் போல உன் அறையைப் பார்த்துவிட்டுப் போனாலும் சரி.

உடம்பைப் பார்த்துக்கொள். ஒரு சனிக்கிழமை பதினொன்றுக்கு வந்து, வாசலில் இருக்கும் தாளில் உன் பெயரை எழுதிவிட்டு, தட்டாமல் உள்ளே வா.

அன்புடன்,
அம்மா