மாப்பிள்ளையின் பவர் சப்ளை

ஞாயிறு, இரவு

காலையில் கொல்லங்கோட்டில் தங்கை கவிதா வீட்டுக்குப் போய், மாப்பிள்ளை கதிர்வேலுக்குக் கேம் கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாகப் பூட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன். படுத்தால் தூக்கம் வரவில்லை.

பாகங்களைத் தேர்ந்தெடுத்தது நான்தான். அவருக்குப் பெரிய கிராபிக்ஸ் கார்டு வேண்டும். சொன்ன பட்ஜெட்டுக்குள் முடித்துக் காட்டுகிறேன் என்று வீம்பாகச் சொல்லியிருந்தேன். அதனால் எல்லாப் பாகத்துக்கும் கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளையில் கை வைத்து, மலிவானதாக வாங்கினேன். பெயர் தெரியாத கம்பெனி. கையில் எடுத்தபோதே காலி டப்பா போல லேசாக இருந்தது.

"இது தாங்குமுங்களா மச்சா?" என்று அவரே கேட்டார்.

"ஒண்ணும் ஆகாதுங்க மாப்ள" என்றேன். கஞ்சிக்கோடு ஃபேக்டரியில் பதினாறு வருடமாக எலக்ட்ரீசியன் நான். அங்கே யாராவது இப்படிச் சொன்னால் விட்டிருப்பேனா? அந்த மேசைக்குப் பக்கத்தில்தான் குழந்தையின் தொட்டில் வேறு.

பத்தரைக்குப் பொறுக்க முடியாமல் கவிதாவை அழைத்தேன்.

"ஏனுங்கண்ணா, இந்நேரத்துல? அவரு கேம்ல உக்காந்திருக்காருங்க."

"செவுத்துல இருக்கற பிளக்கைப் புடுங்கிரு கண்ணு. இப்பவே."

ஏன் என்று அவள் கேட்கவில்லை. போனில் கேட்டுக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் விசிறிச் சத்தம் நின்றது. "ஜெயிக்கற நேரத்துல ஏம்புள்ள!" என்று மாப்பிள்ளை கத்தினார். அவர் போனை வாங்கியதும், அந்தப் பெரிய கார்டின் லோடுக்கு அது சூடாகித் தீப்பிடிக்கலாம் என்ற உண்மையைச் சொன்னேன்.

"அப்ப காலைல தெரியாமச் சொன்னீங்களா?"

"தெரிஞ்சுதானுங்க சொன்னேன்."

போனை வைத்துவிட்டார்.

என் கம்ப்யூட்டரில் இருந்த நல்ல பவர் சப்ளையைக் கழற்றிப் பையில் வைத்திருக்கிறேன். நாளை வேலைக்குப் போகும் முன் கொண்டுபோய் மாட்டிவிடலாம். அவர் கதவைத் திறந்தால் எந்த முகத்தோடு நிற்பது என்றுதான் தெரியவில்லை.