மூக்கால் வடிந்த தண்ணீர்

ஒக். 3, வெள்ளி
மழை. அக்குறணை டவுனில் வெள்ளம் ஏறுமோ என்று இவருடைய தம்பி ரிஸ்வி கடைச் சாமான்களை மேல்தட்டுக்கு ஏற்றினான். விரித்துத் தொழுகிற முசல்லாவைக் கழுவிப் போட்டது, காயவில்லை. தொழுகையில் நெற்றி வைக்கச் சுஜூதில் குனிந்தால் இவருக்கு மூக்கால் தண்ணீர் சொட்டுகிறது. சளியில்லை, வெறும் பச்சைத் தண்ணீர். மூன்று கிழமை, இன்றோடு இருபத்தொரு நாள். மாமி: "தடிமன்தான் மகள், மல்லி அவிச்சிக் குடுங்க."

இவருக்கு ஒரே கவலை, தொழுகைக்குக் கை கால் கழுவிச் செய்த வுளு முறியுமா. ஜும்ஆ முடிய பள்ளிவாசல் ஹஸரத்திடம் கேட்டார். முறியாதாம். முகமெல்லாம் சிரிப்பு. மூளைக்கடியில் இருக்கிற கட்டியும் கிளினிக்கில் தந்த குளிசைக்குச் சுருங்குதாம், போன மாதம் சொன்னார்கள். சந்தோஷம்தான்.

வாங்க: மல்லி, இஞ்சி, சவர்க்காரம்.

ஒக். 6, திங்கள்
போயா, பௌர்ணமி லீவு. கடை பூட்டு. இவர் ஸுபஹுத் தொழுகைக்கு எழும்பவில்லை. நெருப்புக் காய்ச்சல், கழுத்து விறைப்பு, உளறல். ரிஸ்வியின் வேனில் கண்டி ஆஸ்பத்திரி. "நானா, நானா" என்று அண்ணனை வழியெல்லாம் கூப்பிட்டான்.

ஒக். 7, செவ்வாய்
மூளை உறையில் கிருமி. டொக்டர் யாழ்ப்பாணத்துப் பெண்பிள்ளை. "கட்டி எலும்பை அரிச்சிட்டுது. அது சுருங்க ஓட்டை திறந்திட்டுது. வடிஞ்சது மூளைத் தண்ணி. அந்த வழியாலதான் கிருமி ஏறினது. மூக்கால தண்ணி வந்தா உடன வரச் சொல்லி கிளினிக்கில சொல்லேல்லையே?"

சொன்னார்களோ, இவர் காதில் வாங்கவில்லையோ.

"எத்தினை நாளா வடிஞ்சது?"

ரிஸ்வி முந்திக்கொண்டான். "ரெண்டு நாள் ஈக்கும் டொக்டர்."

எழுதிக்கொண்டாள். நான் வாய் திறக்கவில்லை. மூன்று கிழமை என்றால் எங்களைத்தானே ஏசுவார்கள். வெட்கங்கெட்ட வாய்.

ஒக். 8, புதன்
இவருக்கு இன்னும் நினைவில்லை. ஹஸரத் மேல் பிழையில்லை, கேட்டதற்குச் சரியாகத்தான் சொன்னார். ஊரில் உள்ள ஆஸ்பத்திரியை விட்டுவிட்டுப் பள்ளிவாசலில் மூக்கைப் பற்றிக் கேட்டது நாங்கள். ஈர முசல்லாவைத் தினம் தினம் கழுவியவள் நான். என்னைத்தான் அறைய வேண்டும்.

டொக்டரிடம் தனியாகப் போய் மூன்று கிழமை என்றேன். பழையதை வெட்டி எழுதினாள். "ஏன் அக்கா நேற்றுச் சொல்லேல்ல?"

ரிஸ்வி: "என்னத்துக்கு மதினி சென்னீங்க?" வேன் சாவியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போய்விட்டான்.

ஒக். 10, வெள்ளி
கண் திறந்தார். அல்ஹம்துலில்லாஹ். காய்ச்சல் விட்டதும் ஓட்டையை அடைக்க ஒப்பரேஷன்.

முதல் பேச்சு: "எத்தின வக்து களா?"

விட்டுப்போன தொழுகைகளின் கணக்குத்தான். பிள்ளைகளைக் கேட்கவில்லை. என்னைக் கேட்கவில்லை. டொக்டர் சொன்னதைச் சொன்னேன்: தலை குனியக் கூடாது, நிலத்தில் சுஜூது இல்லை, கொஞ்சக் காலத்துக்குக் கதிரையில் இருந்துதான் தொழுகை.

சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். சுஜூதை நிறுத்தியது நான்தான் என்பதுபோல் என்னோடு கோபமாம்.