பிரேமுக்கு வைத்த பொட்டு

அக். 14, திங்கள்

காலையில் தூறல். பிறகு புழுக்கம். ஜவ்வரிசி செய்கிற சேகோ ஆலைக் கழிவு நாற்றம் பட்டறை வாசல் வரை. மற்ற ஊரில் மழை பெய்தால் மண்வாசனை வருமாம். இங்கே இதுதான்.

மூன்று நாள் கழித்து இன்று வேலைக்குப் போனேன். லீவு நான் கேட்கவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் முதலாளி தங்கவேல் அண்ணன்தான் கூப்பிட்டு, ஆயுத பூஜைக்கு ஊட்டுலயே இருந்துக்க சாமி, திங்கக்கிழமை வந்தாப் போதும் என்றார். என் முகத்தைப் பார்க்காமல், சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துச் சொன்னார். எனக்கா புரியாது? புருஷன் செத்தவள் பூஜைத் தட்டுக்கு எதிரே நிற்கக் கூடாது. அதை வாய்விட்டுச் சொல்லத் தெம்பில்லை, ‘ரெஸ்ட் எடு’ என்று ஒரு பூச்சு. வருஷா வருஷம் இதே பூச்சு. சீ.

போனால், கண்ணாடி எல்லாம் ஒட்டி முடித்து வரிசையாகச் சாய்த்து வைத்திருக்கிறார்கள். நாமக்கல் ஜவுளிக்கடை முகப்புக் கண்ணாடி வேலை, முன்பக்கத்துக்கு மட்டும் பன்னிரண்டு அலுமினிய பிரேம். நான் துடைத்து மூடி வைத்துவிட்டுப் போனவை. அதற்குள் என்ன அவசரம் என்று போர்மேன் கதிர் அண்ணனைக் கேட்டேன். விஜயதசமி நல்ல நாள், அன்றைக்குக் கை வைத்தால் தொழில் விளங்கும் என்று முதலாளி சொன்னாராம். சனிக்கிழமையே ஒட்டிவிட்டார்களாம்.

ஒட்டும் முன்னால் மறுபடி யார் துடைத்தது என்று கேட்டேன். டீ குடிக்கப் போய்விட்டார்.

ஒரு பிரேமின் மூலையில், கறுப்புப் பசைக்குக் கீழிருந்து மஞ்சளாக ஏதோ எட்டிப் பார்த்தது. நகத்தால் சுரண்டி மோந்தேன். சந்தனம்.

வாங்க: துவரம்பருப்பு, கைக்குத் தேங்காயெண்ணெய், தங்கை வசந்தி யூனிபார்ம் சேலைக்கு ஊக்கு.

அக். 15, செவ்வாய்

வெயில். தலைவலி. பிரேம் துடைக்கிற ஸ்பிரிட் நெடி போய்விட்டது, இப்போது பட்டறை முழுக்க ஊதுபத்தி நெடி.

கதிர் அண்ணன் வாயிலிருந்து பிடுங்கியவை, வரிசையாக:

மெஷின்களை எண்ணெய் போட்டுத் துடைத்தது. வருஷா வருஷம் செய்வதுதான், தப்பில்லை.
அதே எண்ணெய்த் துணியால் பிரேம்களையும் பளபள என்று துடைத்தது. நல்லெண்ணெய். போட்டோவில் நன்றாக விழ வேண்டுமாம்.
முதலாளியம்மா நாலு பக்கமும் சாண் இடைவெளியில் சந்தனம், மேலே குங்குமம். கண்ணாடி உட்கார வேண்டிய அதே இடத்தில்.
மறுநாள் பூஜைப் பொட்டை அழிக்க ஒருத்தனுக்கும் கை வரவில்லை. அதனால் துடைக்கவில்லை. பொட்டுக்கு மேலேயே பசை.

போன மாசம்தான் வசந்தியிடம் சொன்னேன், இந்தக் கண்ணாடிக்கு ஆணி கிடையாது, ஸ்க்ரூ கிடையாது, விரல் அகலத்துக்குப் பசைதான் அத்தனை எடையையும் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று. அவள் நம்பவே இல்லை. அந்தப் பசை பிடிக்கத்தான் நான் நாள் முழுக்கக் குனிந்து துடைக்கிறேன். ஸ்பிரிட் நனைத்த துணி ஒன்று, பின்னாலேயே காய்ந்த துணி ஒன்று. துடைத்த இடத்தில் என் விரல் பட்டாலே மறுபடி துடைப்பேன். இவர்கள் எண்ணெய் பூசிப் பொட்டு வைத்திருக்கிறார்கள்.

மதியம் ஒரு ஓரத்தில் பசையை நாக்கு மாதிரி கீறி எடுத்து இழுத்துப் பார்த்தேன். நன்றாகப் பிடித்த பசை இழுத்தால் நீளும், கடைசியில் அதுவே கிழியும், அலுமினியத்தை விடாது. இது பாலாடை மாதிரி அலுங்காமல் வந்தது. அடிப்பக்கம் முழுக்கக் குங்குமச் சிவப்பு.

அந்தத் துண்டை எடுத்துக்கொண்டு ஆபீஸ் ரூமுக்குப் போனேன். முதலாளி, அவர் சம்சாரம், கதிர் அண்ணன், மூன்று பேரும் இருந்தார்கள். மேஜையில் வைத்தேன். கண்ணாடி நிக்காதுங்கண்ணா, எல்லாத்தையும் பிரிச்சு மறுபடி ஒட்டோணும் என்றேன்.

அடுத்த வெள்ளி கடை திறப்பு, முகூர்த்தம் குறித்து அழைப்பிதழ் கொடுத்தாகிவிட்டது, பிரித்து ஒட்டிக் காயவைக்க நாள் எங்கே இருக்கிறது என்றார் முதலாளி. மாட்டின பிறகு பிரேம்களுக்கு இடையே சந்து முழுக்கச் சீலண்ட் பசை அடித்துவிட்டால் ஒன்றும் தெரியாதாம். தெரியாதாம்! விழும்போது தெரியும்.

முதலாளியம்மா துண்டைத் தொடவே இல்லை.

“சாமிக்கு வெச்ச பொட்டுனால கண்ணாடி உழுகும்னு எவளாவது சொல்லுவாளா? நல்லது கெட்டது வேண்டாமா ஒரு பேச்சுக்கு?”

கதிர் அண்ணன் போனைத் தடவிக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியாதா? இந்த இழுத்துப் பார்க்கிற சோதனையை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான். தெரியாதவன் சும்மா இருந்தால் பரவாயில்லை. தெரிந்தவன் போனைத் தடவுகிறதைப் பார்த்தால்தான் குமட்டுகிறது.

துண்டை நானே எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அக். 16, புதன்

நல்ல மழை. பிரேம் ஏற்ற லாரி வரவில்லை. பஸ்ஸில் முட்டை வியாபாரி ஒருவன் என் மேல் சாய்ந்தபடியே ராசிபுரம் வரை தூங்கினான்.

வசந்தி இரண்டு வாரமாக அந்த ஜவுளிக்கடையில்தான் பயிற்சிக்குப் போகிறாள். என் தங்கைக்கு முதல் வேலை. இன்று சிரித்துக்கொண்டே வந்தாள். இடம் சொல்லிவிட்டார்களாம். முன்வாசல், வலது பக்கம். வருகிறவர்களுக்குப் பன்னீர் தெளித்து, சந்தனம் நீட்ட வேண்டும். செம்பில் தண்ணீர் எடுத்துத் தெருநாய்க்குத் தெளித்துப் பழகினாள். அது குரைத்துவிட்டு ஓடியது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முன்வாசல் வலது பக்கம். அந்தப் பன்னிரண்டு கண்ணாடியும் நேர் மேலே.

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முன்வாசலில் நிற்காதே, உள்ளே புடவை செக்‌ஷன் கேள் என்றேன். முதலில் பயந்தாள். பிறகு கோபம்.

“எங்க நிக்கறதுன்னு கேக்க நானென்ன மொதலாளியாக்கா? வேண்டாம்னா வேற புள்ளைய நிறுத்துவாங்க. அவ மேல உழுந்தாப் பரவால்லியா?”

அவள் கையிலிருந்த செம்பை வாங்கி உள்ளே கொண்டு போய் வைத்தேன்.

முன்வாசலுக்கு இவளை ஏன் எடுத்தார்கள் என்றால், முகராசியாம். சூப்பர்வைசர் சொன்னாராம், வாசலில் நிற்க உன் மாதிரி லட்சணமான முகம் வேணும் என்று. ஒரு வயிற்றில் பிறந்தோம். ஒரு முகம் வாசலில் நிற்கணும், ஒரு முகம் வாசலுக்கே வரக் கூடாது. எந்த நாதாரி பிரிக்கிறான் இதை?

ரசத்தைக் குடித்துவிட்டுப் படுத்தேன்.

அக். 17, வியாழன்

மேகமூட்டம். காலையிலேயே லாரியில் ஏற்றிவிட்டார்கள். நானும் சைட்டுக்கு. சந்துகளுக்குச் சீலண்ட் அடிக்க என்னைத்தான் கயிற்றில் தொங்குகிற தொட்டிலில் ஏற்றப் போகிறாராம் முதலாளி. அவர் மூடச் சொன்னதை என் கையாலேயே மூடணும்.

கடை வாசலில் பிரேம்களைக் கட்டை மேல் படுக்க வைத்திருந்தார்கள். கிரேன் பரமத்தி ரோட்டில் எங்கோ மாட்டிக்கொண்டது. தண்ணீர் லாரிக்காரன் ஹாரன் அடித்தே காதைக் கிழித்தான். அந்தப் பக்கம் யூனிபார்ம் சேலையில் பெண்களை வரிசையாக நிறுத்திக் கும்பிடப் பழக்கிக்கொண்டிருந்தார்கள். வசந்தி வலது பக்கம். என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி நின்றாள்.

கடைக்காரர் வந்தார். இளம்பிள்ளை ஊர்ச் சேலை வியாபாரத்தில் மேலே வந்த மனிதர், வெள்ளை வேட்டி, பதமாகத்தான் பேசினார். கண்ணாடியைச் செல்லமாகத் தட்டி, எல்லாம் கெட்டியா இருக்குதுங்களா என்று கேட்டார். முதலாளி, நம்ம பேரன் பேத்தி காலத்துக்கும் நிக்குமுங்க என்றார். வாய் கூசவில்லை.

நான் என்ன நினைத்தேன் என்று தெரியவில்லை. ஒன்றும் நினைக்கவில்லை. கண்ணாடி தூக்கும் ரப்பர் கப் இரண்டையும் எடுத்து, பக்கத்துக்கு ஒன்றாக அழுத்தி வைத்துவிட்டேன்.

“கெட்டியான்னு தூக்கிப் பாத்தரலாமுங்க. கதிரண்ணா, அந்தப் பக்கம் புடிங்க.”

முதலாளி, ‘செல்வி!’ என்று ஒரு அதட்டல் போட்டார். கதிர் அண்ணன் நகரவில்லை. ஒரு பக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டு நான் நிற்கிறேன், எல்லோரும் பார்க்கிறார்கள். இவரும் அவ்வளவுதான் என்று முடிவே கட்டிவிட்டேன். அப்புறம் மனுஷன் கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டு வந்தார். யாரையும் பார்க்காமல் மறுபக்கத்துக் கப்பைப் பிடித்தார்.

முதல் இழுப்புக்கு அசையவில்லை. உயிரே போய்விட்டது. இரண்டாவதுக்குச் சர்ரென்று ஒரு சத்தம். கண்ணாடிக்கு அடியில் ஒட்டியிருந்த டேப் பிரிகிற சத்தம். முழுக் கண்ணாடியும் பெட்டி மூடி மாதிரி எங்கள் கையோடு வந்துவிட்டது. பசை நாலு பக்கமும் கண்ணாடியோடு தொங்கியது. கீழே பிரேம் எண்ணெய் மினுக்கோடு கிடந்தது, ஒரு பொட்டு விடாமல் சந்தனம் தெரிந்தது.

கடைக்காரர் மேலே பார்த்தார். வாசலில் நின்ற பெண்களைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. சரி, இப்போது முதலாளிக்குத் திட்டு விழப்போகிறது என்று நினைத்தேன். கடைக்காரர் குனிந்து, அந்தச் சந்தனத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“சாமியாப் பாத்துக் காட்டிக்குடுத்துருச்சுங்க.”

ஆமாங்க, எல்லாம் பூஜை செய்த பலன் என்றார் முதலாளி. உடனே! மூச்சு விடக்கூட நேரம் எடுக்கவில்லை. கன்னத்தில் வேறு போட்டுக்கொண்டார்.

தூ.

ஆனால் முடிவு நல்ல முடிவு. திறப்பு விழாவுக்கு முன்பக்கம் துணி கட்டி மறைப்பது, வழியைப் பக்கவாட்டில் திருப்புவது, தீபாவளி கழித்துக் கண்ணாடி. வசந்தி பக்கவாட்டு வாசலில் நிற்பாள். அங்கே மேலே வெறும் தகரக் கூரை.

வரும்போது பஸ்ஸில் அவள் என் தோளில் தலை வைத்துக்கொண்டாள். என் கையில் சிலிகான் நாறுது என்றாள். நாறட்டும்.

அக். 18, வெள்ளி

மழை இல்லை, வெயிலும் இல்லை. நாள் முழுக்கச் சுரண்டல்.

பன்னிரண்டையும் பிரித்தாயிற்று. சிலது கையோடு வந்தது, சிலதுக்குக் கம்பி போட்டு அறுக்க வேண்டியிருந்தது. எண்ணெய், சந்தனம், செத்த பசை எல்லாம் கலந்து ஒரு கறுப்புக் கூழ். நகத்துக்குள், முடியில், சோற்றுப் பாத்திர மூடியில். சாப்பிட உட்கார்ந்தால் தயிர் சாதத்தில் ஊதுபத்தி வாசனை.

முதலாளி என்னோடு பேசவில்லை. எனக்குச் சொல்ல வேண்டியதைக் கதிர் அண்ணனிடம் சொல்கிறார், நான் அங்கேயே நிற்கும்போது. வேலையை விட்டு நிறுத்தவும் இல்லை. நிறுத்தினால் துடைக்க ஆள் எங்கே?

சாயங்காலம் கதிர் அண்ணன் கையுறையைக் கழற்றியபடி, நான் அன்னிக்கே சொல்லியிருக்கோணும் செல்வி என்றார். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது? கப்பைப் பிடித்தார், அது போதும் என்று சொல்லலாம். சொல்ல மனம் வரவில்லை. இரண்டு நாள் போகட்டும்.

வசந்திக்குச் சுரம் மாதிரி. மிளகு ரசம் வைக்க.

அக். 19, சனி

நல்ல வெயில். துடைக்க ஏற்ற நாள்.

புதுத் துணி, புது ஸ்பிரிட் டின். ஏழு பிரேம் முடித்து எட்டாவதில் இருந்தேன். முதலாளியம்மா வந்தார். கையில் வெள்ளிக் கிண்ணம். தடங்கல் வந்துவிட்டதாம், திருஷ்டியாம், மறுபடி தொடங்கும்போது ஒரு பொட்டாவது வைத்துத் தொடங்க வேண்டுமாம். முதலாளி பின்னாலேயே, சின்னதாத்தான் வெச்சுக்கட்டுமே என்கிறார். அத்தனையையும் பார்த்த பிறகும்!

கத்த வேண்டும் போல இருந்தது. கத்தினால் நடந்த கெட்டதற்கெல்லாம் நான்தான் காரணம் என்பார்கள். எழுந்து பிரேமுக்கு முன்னால் போய் நின்றேன். இரண்டு கையிலும் துணி, ஒன்று ஈரம், ஒன்று காய்ந்தது. குனிந்து வெறும் நெற்றியை நீட்டினேன்.

“வெக்கறதுன்னா எனக்கு வெய்யிங்கக்கா. பிரேமுக்கு வேண்டாம்.”

சந்தனத்தில் நனைத்த விரல் அப்படியே நின்றது. ரோட்டில் போர் போடுகிற ரிக் வண்டி ஒன்று இரைந்துகொண்டு போனது. அந்தம்மா விரலைத் தன் முந்தானையில் துடைத்துக்கொண்டு, கிண்ணத்தை மூடிக்கொண்டு போய்விட்டார். செருப்புச் சத்தம் ஆபீஸ் ரூம் வரை கேட்டது.

பன்னிரண்டும் துடைத்து முடித்தோம். கதிர் அண்ணனும் ஒரு துணி எடுத்துக்கொண்டார். திங்கட்கிழமை ஒட்டுகிறோம்.

வைக்க மாட்டார் என்று தெரிந்துதான் நீட்டினேன். தெரிந்தும் நீட்டின அந்த நொடி எதற்குக் கண்ணை மூடிக்கொண்டேன்?