தானாக எழுந்துவிட்டது

அக்கா,

உன் கேக் கடையின் ஆர்டர் பக்கம் வேலை செய்கிறது. கரண்ட் போய் வரும்போதெல்லாம் அது ஏன் படுத்துவிடுகிறது என்று கண்டுபிடித்துவிட்டேன். அதை ஓட்டும் சர்வர் பெட்டி மறுபடி ஆன் ஆனதும், ஹார்ட் டிஸ்க் தயாராகும் முன்பே ஆர்டர் வாங்கும் புரோகிராம் ஓடிவந்து அதிலுள்ள ஃபைல்களைத் தேடியிருக்கிறது. ஒன்றும் கிடைக்காமல் நின்றுவிட்டது. டிஸ்க் வரும்வரை பொறுத்திருக்கும்படி அதற்கு ஒரு வரி எழுதினேன். திரும்பத் திரும்ப ரீபூட் செய்தேன். நான் கையே வைக்கவில்லை, தானாக எழுந்தது.

"இந்த டப்பாவத் தூக்கிப் போடுடி, உன்னால ஆகாது" என்று நேற்று கத்தினாயே, இப்போது நீயே பிளக்கைப் பிடுங்கிச் சொருகிப் பார்.

சாப்பாடு ஃபிரிட்ஜில் இருக்கிறது, சூடாக்கிக்கொள். நான் ஆபீசுக்குக் கிளம்புகிறேன்.

பி.கு.: செருப்பு மாட்டும்போதே ஒரு ஆர்டர் வந்துவிட்டது. சனிக்கிழமைக்கு இரண்டடுக்கு கேக் வேண்டுமாம். என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை, அவர்களுக்குப் போன் பண்ணு.