ஆறாவது வரி

பிண்டாரி ஃப்ளாட்
செப்டம்பர் 3

அன்புள்ள நெவ்,

வெட்கத்தை விட்டு ஒன்றைச் சொல்கிறேன். நம் ஊர்த் தன்னார்வத் தீயணைப்புப் படைக்கு இப்போது நான்தான் கேப்டன். வீரத்துக்காக இல்லையடா. ஆண்டுக் கூட்டத்தின் நடுவில் கழிப்பறைக்குப் போனேன். நம் வழக்கம்தான் தெரியுமே, நாற்காலியில் இல்லாதவன் தலையில்தான் பதவி. பெல்ட்டை மாட்டி வருவதற்குள் எல்லோரும் கை தட்டுகிறார்கள்.

"என்னடி இது?" என்றேன் என் மனைவி டாட்டிடம்.

"நீதானே வாலண்டியரா எந்திரிச்சுப் போன?" என்கிறாள்.

போனை நீ எடுப்பதில்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவனைக் கடிதம் எழுத வைத்த பாவம் உனக்குத்தான்.

விஷயம் இது. அக்டோபர் 31 மதியத்துக்குள் பதிவுத் தாளில் ஆறு கையெழுத்து இல்லாவிட்டால் நம் தண்ணீர் லாரியை வட்டார அலுவலகத்தார் டாலன் ஊருக்குக் கொடுத்துவிடுவார்களாம். அங்கிருந்து இங்கே வர ஒரு மணி நேரம். அதற்குள் கோதுமை வயலில் பிடித்த தீ ஊரையே சுற்றிப் பார்த்துவிட்டுப் போய்விடும். இருப்பது ஐந்து பேர். நான், டாட், க்ரூகர் அண்ணன் தம்பி. ஐந்தாவது ஆள் யார் என்று அப்புறம் சொல்கிறேன், நீ நம்பமாட்டாய்.

ஆறாவது ஆள் நீ. உன் தங்கை வீட்டுக் கடற்கரை எங்கேயும் ஓடிவிடாது. வந்து சேர்.

கேப்டன் (சிரிக்காதே) லெஸ்

---

கோரல் பே சாலை
செப்டம்பர் 15

லெஸ்,

வாழ்த்துகள். என் பெயரை எழுதாதே.

தீ பிடித்த அன்று லாரியை ஓட்டியவன் நான். ஓடை மணலில் சக்கரத்தைப் புதைத்தவனும் நான்தான். நாம் மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தபோது ஐவி ஹாலிஸின் வீடு எரிந்து முடிந்தது. இரண்டு வருடமாக நான் ஸ்டீயரிங்கைத் தொடவில்லை. கடைக்குக்கூடத் தங்கைதான் கூட்டிப்போகிறாள். மனம் இல்லாதவனைச் சேர்த்துக்கொண்டு அதற்குத் தன்னார்வம் என்று பெயர் வைக்காதே.

டாட்டைக் கேட்டதாகச் சொல்.

நெவ்

---

பிண்டாரி ஃப்ளாட்
அக்டோபர் 8

அன்புள்ள நெவ்,

உன் கடிதம் தந்தியை விடச் சின்னது. பேனாவில் மை தீர்ந்துவிட்டதா?

நேற்றுக் கூட்டம் போட்டோம். பெரிய க்ரூகர் தாளை என் முன்னால் தள்ளினான். "நெவ் பேரை எழுதித் தொலைங்க. வராதவன் தலையிலதானே எப்பவும் கட்டுவோம்? ரெண்டு வருசமா வராதவனுக்கு மகுடமே வைக்கலாம்!"

பேனாவைத் திறந்துவிட்டேன். சத்தியமாக, 'நெ' வரைக்கும் எழுதப் பார்த்தேன். அப்போது ஐவி என் கையைப் பிடித்தாள். ஆமாம், ஐந்தாவது ஆள் ஐவி ஹாலிஸ்தான்.

"அவனா வந்து எழுதட்டும், லெஸ். தீ பிடிச்ச அன்னைக்கு ஊரே என் வீட்டுக்கு எதிர்ப்பக்கமா ஓடுச்சு. என் வீட்டப் பாத்து வந்தது ஒரே ஒரு வண்டி. அது மணல்ல நின்னுச்சுங்கறது வேற கத. வண்டியில இருந்தவன நான் மறக்கல."

டாட் மூக்கைச் சிந்திவிட்டு, வெங்காயம் என்றாள். அறையில் வெங்காயமே இல்லை.

ஆகவே ஆறாவது வரி காலியாக இருக்கிறது. வேறு யாரையும் தொட விடமாட்டேன். கேப்டனாக நான் போடும் முதல் உத்தரவு இதுதான், கடைசியாகவும் இருக்கலாம். 31ஆம் தேதி காலையிலிருந்து லாரி ஷெட்டில் இருப்பேன். நீ வராவிட்டால் லாரிச் சாவியை என் கையாலேயே கொடுப்பேன், உன்னைத் திட்டமாட்டேன். கொடுக்கிறதாக இருந்தாலும் அழுக்கோடு கொடுக்கக் கூடாது என்று நேற்றே கழுவிவிட்டேன்.

நீ வந்தாலும் வராவிட்டாலும் டாட் எலுமிச்சை கேக் செய்கிறாள்.

உன் லெஸ்

---

ஷெட், பிண்டாரி ஃப்ளாட்
அக்டோபர் 31

லெஸ்,

காலைப் பேருந்தில் வந்தேன். ஷெட் திறந்து கிடந்தது. லாரி இல்லை, உங்களில் ஒருவரும் இல்லை. கிழக்கே க்ரூகர் வயல் பக்கம் புகை. தாள் மேசைமேல் இருந்தது, அதன்மேல் பேனா. ஆறாவது வரியில் என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பதினொன்றரைக்கு வட்டார அதிகாரி வந்தார். "மத்தவங்க எங்க?" என்றார். புகையைக் காட்டினேன். ஆறையும் விரல் வைத்து எண்ணினார். டீ குடித்தார். தாளை எடுத்துக்கொண்டு போனார். லாரி இங்கேயேதான் இருக்கும்.

புகை இப்போது வெளுத்திருக்கிறது. தண்ணீர் நிரப்ப நீங்கள் திரும்பும்போது உன் கார் குழாயடிக்குப் போகும் வழியை மறிக்குமே என்று பட்டது. சாவி அதிலேயே இருந்தது. சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு ஏறி உட்கார்ந்து பின்னால் எடுத்து வேலியோரம் நிறுத்தினேன். நன்றாகவே ஓடியது. ரப்பர் குழாயையும் நீட்டி வைத்திருக்கிறேன். அடுத்த நடைக்கு நானும் வருகிறேன், ஓட்டுவதானாலும் சரி. அதுவரை என் பழைய தீயணைப்பு அங்கியைத் தேடுகிறேன். இந்தச் சீட்டைக் கதவில் குத்திவிட்டுப் பின்கட்டுக்குப் போகிறேன்.

அவசரத்தில் டாட் கேக்கைக் கார் கூரையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். காரை எடுத்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. தட்டு மட்டும் உடையவில்லை.

நெவ்