பஸ்ஸிலிருந்து பார்த்த சீதனக் காணி

நெல்லியடி,
வைகாசி, வெள்ளிக்கிழமை

அன்பு மகள் கஜானிக்கு,

நானும் அப்பாவும் சுகம் என்று எழுதினால் உடம்பளவில் அது பொய்யில்லை, உன் சுகத்துக்குச் சந்நிதி முருகனிடம் சொல்லியிருக்கிறேன். வட்சப் இருக்க அம்மா ஏன் கடிதம் எழுதுகிறா என்று யோசிப்பாய், போன் எடுத்தால் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்துவிடுவார், இது அவர் கேட்கக் கூடாத விஷயம். அவருக்கு இருமல் குறைந்துவிட்டது, எனக்குத் தவணைப் பரீட்சைத் தாள்கள் குவிந்து கிடக்கின்றன, முன்வீட்டு லூர்த்தம்மாவின் ஆடு எங்கள் செவ்வரத்தைச் செடியை மொட்டையடித்துவிட்டது, வேறு புதினம் இல்லை. பிரகலாதன் வீட்டார் காணி பார்க்க வந்த கதையைத்தான் எழுத வேண்டும்.

நீங்கள் இரண்டு பேரும் லண்டனில் ஒருவரையொருவர் விரும்பினதை அவனுடைய தாய் மகாதேவி அக்கா தடுக்கவில்லை, சீதனக் காணியை ஒருமுறை கண்ணால் பார்க்க வேண்டும் என்று மட்டும்தான் கேட்டா. அது வழக்கம்தானே, பிழை சொல்ல முடியாது. நாங்கள் இருப்பது வாடகை வீடு, உனக்கென்று இருப்பது என் அம்மா எனக்கு எழுதித் தந்த வசாவிளான் காணி ஒன்றுதான். பன்னிரண்டு வயதில் சண்டை வர அங்கிருந்து ஓடினேன், பிறகு அது ஆமி முகாமின் எல்லைக்குள் போய்விட்டது, அதையே எனக்குச் சீதனமாக எழுதினபோது உன் அப்பா பார்க்கக்கூடக் கேட்கவில்லை. வசாவிளானிலிருந்து பலாலிக்குப் போகிற அந்தத் துண்டு றோட்டை இப்போது திறந்துவிட்டார்கள், ஆனால் நடக்கக் கூடாது, வாகனத்தை நிறுத்தக் கூடாது, திருப்பக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. திறந்தது றோட்டு மட்டும்தான், எங்கள் காணி இன்னும் கம்பிக்குப் பின்னால். வாடகைக்கு ஒரு வான் பிடிக்கலாம் என்றேன், பஸ்தான் உயரம், வேலிக்கு மேலால் தெரியும் என்றார் அப்பா.

மகாதேவி அக்கா பட்டுச்சேலையோடு வந்தா, அவவின் தமையன் செல்வநாயகம் அண்ணையும் கூட வந்தார். சந்தி கழிய ஒரு மதகு, மதகு தாண்டினால் வலக்கைப் பக்கம் எங்கள் வீட்டு வாசல் படலை, அதை வைத்துப் பிடித்துவிடலாம் என்று யன்னலோரம் இருந்தேன். மதகு வரவேயில்லை. புதுத் தார், பற்றை, கம்பி, வெட்டி வெளியாக்கின நிலம், திரும்பவும் பற்றை. பள்ளிக்கூடத்தில் தேசப்படம் வாசிக்கப் படிப்பிக்கிற எனக்கு நான் பிறந்த வளவு தெரியவில்லை. எது தங்கச்சி, எது என்று அக்கா கேட்டுக்கொண்டே வந்தா, நான் கண்ணாடியில் முகத்தை ஒட்டி மதகையே தேடினேன். அதைத் தாங்காமல் அப்பா எழும்பி, "உதுதான் அக்கா, உந்தப் பனையோடை கிடக்கிற வளவு" என்று இடக்கைப் பக்கம் கையை நீட்டினார். அவர் அந்தக் காணியை ஒருநாளும் கண்டதில்லை கஜானி, என்னைக் காப்பாற்றத்தான் காட்டினார். பலாலியில் இறங்கி அடுத்த பஸ்ஸில் திரும்பினோம், இன்னொருக்கால் வடிவாகக் காட்டுங்கோ என்று அக்கா கேட்டா, அப்பா மறுபடியும் இடக்கைப் பக்கம்தான் காட்டினார். செல்வநாயகம் அண்ணை விடவில்லை, "என்ன காணும், போகேக்கையும் இடக்கைப் பக்கம், வரேக்கையும் இடக்கைப் பக்கம், காணியும் எங்களோடை பஸ்ஸிலை வருகுதோ?" என்றார். கொண்டக்டர் பெடியன், "அப்ப காணிக்கும் ஒரு ரிக்கெற் எடுங்கோ ஐயா" என்றான். பஸ்ஸே சிரித்தது, அப்பாவும் சேர்ந்து சிரித்தார். சரியாகப் பார்த்தால் திரும்பும்போது அவர் காட்டியது சரியான பக்கம்தான், அதை யாருக்குச் சொல்லி என்ன.

நேற்று மகாதேவி அக்கா தனியாகப் பள்ளிக்கூடத்துக்கு வந்தா. "உங்களிலை எனக்கொரு குறையுமில்லை தங்கச்சி, ஆனா உங்களுக்கே காட்டத் தெரியாத காணியை நாளைக்கு ஆமி விட்டாலும் ஆர் உங்கடை எண்டு சொல்லுறது? பிரகலாதனோடையும் கதைச்சிட்டன், இந்தக் கலியாணத்தை விடுவம் எண்டதுக்கு அவனும் ஓம் எண்டிட்டான்" என்றா. அவனே சொன்னவனோ என்று இரண்டுமுறை கேட்டேன். "ஓம், உங்கடை பிள்ளைக்கு எப்பிடிச் சொல்லுறதெண்டுதான் பயப்பிடுறான்" என்றா. அதனால் நான் சொல்கிறேன். அம்மா யோசிக்கிறா, கொஞ்சம் பொறு என்று அவன் இனிச் சொன்னால் பொறுத்திருக்காதே. இந்தக் கலியாணத்தை நம்பியிருந்த உன் விசாவுக்கு இனி என்ன வழி என்று எனக்குத் தெரியவில்லை. காணி விடுவார்கள், வேறு நல்ல இடம் வரும் என்றெல்லாம் எழுதவும் மனம் வரவில்லை, நீ சின்னப் பிள்ளையில்லை. காணியை உன் பெயருக்கே எழுதி வைப்பேன், வேறு யாருக்குக் கொடுப்பது, அதால் உனக்கு ஏதும் ஆகுமென்று நம்பி அல்ல.

நேரத்துக்குச் சாப்பிடு. அழுவதென்றால் அழு, வேலைக்குப் போகாமல் மட்டும் நிற்காதே. எங்கிருந்தாலும் முருகன் உன் பக்கத்தில் நிற்கட்டும், அம்மாவின் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு.

ஒன்றை மறந்துவிடாதே, அப்பாவுக்கு நான் இன்னும் சொல்லவில்லை, ஞாயிற்றுக்கிழமை போனில் அவரோடு வழமைபோலக் கதைத்துக்கொள். அக்கா இன்னொருமுறை பார்க்க வருவா, அப்போது பிழை விடக் கூடாது என்று நம்பி அவர் பின்னேரங்களில் அந்த பஸ்ஸில் தனியாகப் போய் வருகிறார். போகும்போது வலக்கை, வரும்போது இடக்கை என்று இன்றைக்கும் வந்து என்னிடம் ஒப்புவித்தார். ஓம், சரி என்றேன்.

உன் அன்பு அம்மா